ரூபர்ட் புரூக்கின் வீடு

ரூபர்ட் புரூக்கை ஆங்கிலக் கவிஞர்னுதான் பலருக்கும் தெரியும். முதல் உலகப் போரில் அவர் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. 1914 அக்டோபரில் ஆண்ட்வெர்ப்பில் பணி. அடுத்து கலிப்போலிக்குப் போகும் வழியில் ரத்தத்தில் நஞ்சேறி, 1915 ஏப்ரல் 23 அன்று பிரெஞ்சு மருத்துவக் கப்பலில் இறந்தார். வயது 27. அன்றிரவே கிரேக்கத்தின் ஸ்கைரோஸ் தீவில், ஆலிவ் தோப்பில் அடக்கம்.

நான் தேடிப் போனது அவர் குடும்பத்தை. அண்ணன் டிக் 1907-இல் நிமோனியாவில் போய்ட்டார். ரக்பி பள்ளி ஆசிரியரான அப்பா 1910-இல். ரூபர்ட் இறந்து 52-ஆம் நாள், ஜூன் 14, தம்பி ஆல்ஃபிரட் பிரான்ஸ் போர்முனையில் பலி.

எட்டே வருஷத்தில் கணவரும் மூணு பிள்ளைகளும். அம்மா மேரி 1930 வரை இருந்தார். இனி ரூபர்ட்டைப் படிக்கும்போது அந்த அம்மாவும் கூடவே நினைவுக்கு வருவார்.