உங்களுக்குத் தெரியுமா? மறைந்தவருக்கு வந்த புலிட்சர்

ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டக் போர்முனையில், 2021 ஜூலை 16 அன்று கொல்லப்பட்டார் புகைப்படச் செய்தியாளர் டேனிஷ் சித்திகி. மறு ஆண்டே அவருக்கு இரண்டாவது புலிட்சர் பரிசு! அது இந்தியாவின் கொரோனா துயரத்தைப் பதிவு செய்த படங்களுக்காக, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனச் சகாக்கள் மூவரோடு பகிர்ந்துகொண்ட பரிசு.

• முதல் புலிட்சர் 2018இல், ரோஹிங்யா அகதிகளைப் பற்றிய படங்களுக்காக அவர் இடம்பெற்ற ராய்ட்டர்ஸ் குழுவுக்குக் கிடைத்தது. அவர் எடுத்த படமொன்றில், படகில் வங்கதேசக் கரை சேர்ந்த பெண் ஒருத்தி சோர்ந்து குனிந்து மண்ணைத் தொடுகிறாள். துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை. ஊரை இழந்தவளின் வலி அத்தனையும் அந்தக் கையில் தெரிகிறது.

• டெல்லி ஜாமியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரமும் வெகுஜனத் தொடர்பியலும் படித்தவர். முதலில் தொலைக்காட்சிச் செய்தியாளர். 2010இல் ராய்ட்டர்ஸில் பயிற்சியாளர்.

• அடக்கம் செய்யப்பட்டதும் ஜாமியா வளாக மயானத்தில்தான். வயது 38.