முகம் திருப்பாமல் பார்ப்போம்

2017இல் வெளியான திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தை முதல்முறை பார்த்தபோது, நாமும் பாதியில் எழுந்துவிட்டோம். மலம் அள்ளும் காட்சி வந்ததும் அன்று சோறு இறங்கவில்லை. பிறகுதான் உறைத்தது: பார்க்கும் நாம் கண்ணை மூடிக்கொள்ளலாம், அள்ளுகிறவர் மூட முடியாது. அவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர் உள்ளிட்ட நம் மக்கள்தான்.

கையால் மலம் அள்ள வைப்பதும், பாதுகாப்புக் கருவியின்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.30 லட்சம் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் 2023இல் உத்தரவிட்டது. ஆனாலும் சாவு ஓயவில்லை.

மாணவர்களே, இந்தப் படத்தைக் கடைசிவரை பாருங்கள். நாளை உங்கள் தெருவில் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்கினால், இறக்குகிறவரிடம் இந்தச் சட்டத்தைச் சொல்லித் தடுங்கள். வேடிக்கை பார்த்து நிற்காதீர்கள்.