மென்மனதுக்காரருக்குப் பரிசு: இதெல்லாம் தெரியுமா?

சட்டைக் கழுத்தில் தைத்திருக்கும் ஒரு சின்ன லேபல் ஒருவருடைய முழுநாளையும் கெடுத்துவிடும், தெரியுமா? நம் வீடுகளில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். புதுச்சட்டை போட்டதும் பிடரியைத் தடவிக்கொண்டே இருப்பார். அத்தர் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் தலையிடி வந்துவிடும். கலியாண வீட்டில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் கதிரை போட்டால் எழும்பிப் போய்விடுவார். “இவருக்கு எதை எடுத்தாலும் குறை” என்று நாமும் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்போம்.

குறை ஒன்றுமில்லை! எலைன் ஆரோன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1996இல் இவர்களுக்காகவே ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த வருடம் கணவர் ஆர்தர் ஆரோனோடு சேர்ந்து 27 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலையும் வெளியிட்டார். அந்தக் கேள்விகளில் என்னென்ன வருகிறது பாருங்கள்: கண்ணைக் கூசவைக்கும் வெளிச்சம், கடும் வாசனை, முரட்டுத்துணி, பக்கத்தில் அலறும் சைரன்! நம் வீட்டுப் பிடரி தடவுகிறவர் அப்படியே அதற்குள் இருக்கிறார். இந்தக் கூடிய உணர்திறன் நோய் அல்ல, பிறவிச் சுபாவம். 2018இல் வந்த ஓர் ஆய்வு, பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர் இந்த வகை என்றது.

இன்னொன்று தெரியுமா? இவர்களைத் துன்பம் மட்டுமல்ல, நல்லதும் நம்மைவிட ஆழமாகத் தொடுகிறது! இங்கிலாந்தில் 11 வயதளவு மாணவியரிடையே மனச்சோர்வைத் தடுக்கும் பாடசாலைத் திட்டம் ஒன்றைச் சோதித்தார்கள். முடிவு 2015இல் வெளியானது. உணர்திறன் கூடிய பிள்ளைகளுக்கு அது நன்றாகப் பலன் தந்தது, குறைந்த பிள்ளைகளிடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இப்படிப்பட்டவர் கையில் கொடுக்கும் பொருத்தமான பரிசும் மற்றவர் கையில் கொடுப்பதைவிட ஆழமாய் இறங்கும் என்றே நான் நம்புகிறேன். அதனால்தான் அவர்களுக்கேற்ற பரிசைத் தேட இவ்வளவு பாடு.

அம்பாறை மாவட்டத்துப் பெரியநீலாவணையில் இருப்பவர்கள் அப்படியொரு பரிசுக்காகக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. பக்கத்து ஊர் மருதமுனை! அங்கே தறியில் நெய்யும் சாறமும் சேலையும் நாடெங்கும் பெயர்பெற்றவை. நெசவில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள், இல்லாவிட்டால் தறியின் இழுப்புக்கு நூல் அறுந்துவிடும். அந்தக் கஞ்சிதான் புதுத்துணியை மொடமொடவென்று நிறுத்துகிறது. கடையில் பார்க்க அழகு, மென்தோல்காரருக்கோ அது அரம். ஆகவே பருத்திச் சாறமோ சேலையோ வாங்கினால் நேரே சுற்றிக் கொடுத்துவிடாதீர்கள். வாசனை இல்லாத சவர்க்காரத்தில் இரண்டு முறை அலசி, நிழலில் காயவிட்டு, மடித்துக் கொடுங்கள். லேபல் இருந்தால் நூலைப் பிரித்து எடுங்கள். கத்தரித்தால் மிஞ்சும் நுனி இன்னும் மோசமாகக் குத்தும். ஜரிகைக் கரை வேண்டவே வேண்டாம். “கழுவின துணியைப் பரிசாய்க் கொடுப்பதா?” என்று வீட்டில் பெரியம்மா கேட்பார். கேட்கட்டும், விளக்கிச் சொல்லுங்கள்!

தோலுக்கு இதம் தருவது துணி மட்டுமல்ல. மெதுவான தடவலை உணர்வதற்கென்றே நம் தோலில் தனி நரம்பு நார்கள் உண்டு, தெரியுமா? வினாடிக்கு 1 முதல் 10 சென்டிமீற்றர் வேகத்தில் தொடும்போது அவை மிகச் சுறுசுறுப்பாகின்றன; அந்த வேகத்தில்தான் மனிதருக்கு இதமும் கூடுகிறது என்று 2009இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிள்ளையின் தலையை உம்மா தடவும்போது யாரும் வேகம் கணக்குப் பார்ப்பதில்லை, கை தானாகவே அந்த வேகத்துக்கு வந்துவிடுகிறது.

வெளிநாட்டுப் பரிசுப் பட்டியல்களில் கனத்த போர்வை முதலிடத்தில் நிற்கும். சுவீடனில் 120 பேரிடம் சோதித்து, தூக்கமின்மை குறைந்ததென்று 2020இல் எழுதியிருக்கிறார்கள். நம் புழுக்கத்துக்கு அது தண்டனை! நெய்த பருத்திப் பெட்சீட் போதும்.

அதே பட்டியல்களில் கடலலை ஓசை எழுப்பும் கருவியும் இருக்கும். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது என்று இந்தக் கரை முழுவதும் இழப்பு. பிறவி உணர்திறன் வேறு, பேரிழப்பு விட்டுச்சென்ற பதற்றம் வேறு; இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கவும் கூடும். உலகத்துக்கு அமைதி தரும் அலையோசை இங்கே ஒரு தாயின் நித்திரையைக் கெடுக்கலாம். கடல் படம், அலை ஓசை, கப்பல் பொம்மை எதுவானாலும், அந்த வீட்டுக்கதை தெரியாமல் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

சத்தத்தைக் குறைக்கும் ஹெட்போன் பற்றித் தெரியுமா? 1978இல் விமானத்தில் பறந்தபோது இரைச்சலில் பாட்டுக் கேட்க முடியாமல் தவித்த ஒருவர், அங்கேயே அதற்கான கணக்கைப் போடத் தொடங்கினார். அவர் அமர் போஸ், வங்காளத்திலிருந்து அமெரிக்கா போன தந்தைக்குப் பிறந்தவர்! அந்த ஹெட்போன் வாங்க வசதியில்லையா? காதில் வைக்கும் பஞ்சு அடைப்பான் ஒரு சோடியும் நல்ல பரிசே.

தேயிலைப் பெட்டியிலும் கவனம். அந்த 27 கேள்விகளில் கஃபீனும் உண்டு! பிளேன்டீ ஒன்று குடித்து இரவு முழுக்க விழித்துக் கிடப்பவருக்கு, காய்ந்த பெலிமல்லோ கொத்தமல்லியோ கட்டிக் கொடுங்கள்.

இப்போது நள்ளிரவில் கேக்கோடு கதவைத் தட்டும் ‘சப்ரைஸ்’ பெருகிவிட்டது. சட்டெனத் திடுக்கிடுவதும் இந்தச் சுபாவத்தின் அடையாளங்களில் ஒன்று. பலூன் வெடிக்க, பத்துப்பேர் கைதட்ட, கமரா முன்னால் பெட்டியைப் பிரிக்கச் சொன்னால் அவர் சிரிப்பார். உள்ளுக்குள் எப்போது முடியும் என்றிருக்கும். பரிசு ஆய்வுகளும் வேறு கதையே சொல்கின்றன. கொடுப்பவர் பெட்டி திறக்கும் அந்த நிமிடத்தையே நினைக்கிறார், வாங்குபவரோ பிறகு பாவிக்கப்போகும் நாட்களை நினைக்கிறார் என்று 2016இல் ஓர் ஆய்வு விளக்கியது. தாங்களே கேட்ட பொருள் கிடைத்தால்தான் மக்கள் அதிகம் மகிழ்கிறார்கள் என்று 2011இலேயே சொல்லிவிட்டார்கள். கொடுப்பவர்களுக்கு மட்டும் அது தெரிவதில்லை! ஹதியா கொடுத்தால் அன்பு வளரும் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். “என்ன வேணும்?” என்று தனியாக, மெதுவாகக் கேட்பதால் அந்த அன்பு ஒன்றும் குறையாது.

கடைசியாக ஊர்ப்பெருமை ஒன்று. ஊரின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்ட கவிஞர் நீலாவணன் இந்தப் பெரியநீலாவணைக்காரர், தெரியுமா? இயற்பெயர் சின்னத்துரை, ஆசிரியர். 1931இல் பிறந்து 1975இல் மறைந்தார். மட்டக்களப்புப் பகுதி வயல்வாழ்வைப் பாடும் அவருடைய ‘வேளாண்மை’ காவியம் புத்தகமாக வந்தது 1982இல், அவர் போய் ஏழு வருடம் கழித்து! கலையிலும் இசையிலும் ஆழ்ந்து நெகிழ்வதும் அந்த 27 கேள்விகளில் ஒன்றென்பதால், கவிதைப் புத்தகத்தைவிடச் சத்தமில்லாத, வாசனையில்லாத, குத்தாத பரிசை நான் அறியேன்.

வருகிற பெருநாளுக்கோ பொங்கலுக்கோ உங்கள் வீட்டு மென்மனதுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சாறம் என்று சொன்னால் பத்து நாள் முன்னரே மருதமுனைக்குப் போய் வாங்குங்கள். அலசிக் காயவைக்க நேரம் வேண்டும்.