இழந்த விரலும் இழந்த ஊதியமும்

கொட்டாஞ்சேனையில் வசித்து, செட்டியார் தெருவில் உள்ள பட்டறையொன்றில் நகை செய்யும் பொற்கொல்லர் ஒருவர். வெள்ளவத்தையில் வசித்து, கோட்டையில் உள்ள வங்கியொன்றில் பணிபுரியும் எழுதுவினைஞர் ஒருவர். இவ்விருவரும் வெவ்வேறு வீதி விபத்துக்களில் சிக்கினர் என்றும், இருவருக்கும் வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் மடங்காமல் விறைத்துப் போயின என்றும் வைத்துக்கொள்ளலாம். வைத்தியர் இருவரையும் பரிசோதித்து, நிரந்தர ஊனம் நூற்றுக்கு 20 என ஒரே விதமான சான்றிதழை வழங்குகிறார்.

எழுதுவினைஞர் சில மாதங்களில் தம் மேசைக்குத் திரும்பிவிடுகிறார். எஞ்சிய விரல்களாலே கணினியை இயக்கப் பழகிக்கொள்கிறார். அவருடைய சம்பளத்தில் ஒரு சதமேனும் குறையவில்லை. பொற்கொல்லரின் நிலையோ வேறு. சாமணத்தால் ஒரு சிறு கல்லை எடுத்துப் பதிக்க அவரால் இயலவில்லை. அரம் பிடிக்க இயலவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகக் கற்ற கைவேலை அவரைக் கைவிட்டுவிட்டது. சான்றிதழ் ஒன்றே, இழப்பு ஒன்றன்று. இந்த வேறுபாட்டை நீதிமன்றத்துக்கு எடுத்துரைப்பவர் யார்? இக்கேள்வியிலிருந்தே தொழில்சார் நிபுணர் என்னும் சாட்சியின் தேவை பிறக்கின்றது.

இலங்கையில் காயமுற்றோர் நட்டஈடு கோருவதற்குப் பிரதானமாக இரண்டு வழிகள் உண்டு. வேலையின்போது காயமடைந்த தொழிலாளி, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் ஆணையாளரிடம் கோரிக்கை விடுக்கலாம். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் இந்நட்டஈட்டின் உச்ச எல்லையை 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ரூபாவாக உயர்த்தியதோடு, வேலைக்குச் செல்லும்போதும் வேலையிலிருந்து திரும்பும்போதும் நேரும் விபத்துக்களையும் உள்ளடக்கியது. கை, கால், கண், விரல் ஆகியவற்றின் இழப்புக்கு உழைக்கும் சக்தியில் நூற்றுக்கு எத்தனை வீதம் குறையும் என்பதை இச்சட்டத்தின் அட்டவணை முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கிறது. அட்டவணையில் இல்லாத காயமாயின், அக்குறைவைத் தனியே மதிப்பிட வேண்டியிருக்கிறது.

மற்றைய வழி மாவட்ட நீதிமன்ற வழக்கு. பிறருடைய கவலையீனத்தால் காயமுற்றவர், உரோமன் டச்சுச் சட்டத்தின் கோட்பாடுகளைப் பின்பற்றி, வைத்தியச் செலவு, உடல் வேதனை, இழந்த ஊதியம், இனி இழக்கப்போகும் ஊதியம் என்பவற்றைக் கோரலாம். இங்கே அட்டவணை எதுவும் இல்லை. எதிர்கால ஊதியம் எவ்வளவு என்பதை, முன்வைக்கப்படும் சாட்சியத்தைக் கொண்டு நீதிபதியே நிர்ணயிக்க வேண்டும். சாட்சியம் வைத்தியச் சான்றிதழோடு நின்றுவிடுமாயின், பொற்கொல்லரும் எழுதுவினைஞரும் ஒரே தராசில் நிறுக்கப்படும் அபாயம் உண்டு.

வைத்தியரைக் குறை கூறுவது இதன் நோக்கமன்று. விரல் எவ்வளவு மடங்கும், பிடியின் வலு எவ்வளவு, எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பவற்றை அவரே அறிவார். ஆயின், கல் பதிப்பதற்கு எந்த விரல் வேண்டும், புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமைத் தொழிலாளி ஒரு நாளில் எத்தனை முறை குனிந்து நிமிர்கிறார், அந்த வேலையை இழந்தவருக்கு வேறு எந்த வேலை கிடைக்கும், அதற்குச் சம்பளம் என்ன என்பவை வைத்தியக் கல்விக்கு உட்பட்டவை அல்ல. உடலின் குறை ஒன்று. பிழைப்பின் குறை மற்றொன்று.

அயல்நாடான இந்தியாவின் உயர்மட்ட நீதிமன்றம் இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டியுள்ளது. தச்சர் ஒருவர் வேலையின்போது விழுந்து, இடது கையை முழங்கைக்கு மேலே இழந்தார். அது பகுதி ஊனமே அன்றி முழு ஊனம் அன்று என்று முதலாளி தரப்பு வாதிட்டது. ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய முடியாது. ஆதலின் அவருக்கு நேர்ந்தது முழு ஊனமே என்ற முடிவை 1975ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2010ஆம் ஆண்டில், வீதி விபத்து வழக்கொன்றில், அதே நீதிமன்றம் மேலும் விளக்கமாகக் கூறியது: ஊனத்தின் அளவைப் பற்றியே வைத்தியர் சாட்சியம் அளிக்கலாம், உழைக்கும் சக்தியின் இழப்பை மதிப்பிடுவது நியாயசபையின் கடமை. இடக்கையை இழந்தவர் சாரதியாகவோ தச்சராகவோ இருந்தால் இழப்பு ஏறக்குறைய முழுமையானதாக இருக்கலாம். அரசாங்க எழுதுவினைஞராக இருந்தால் வேலையே போகாமலும் இருக்கலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

தொழில்சார் நிபுணரை நீதி விசாரணையில் ஒழுங்காகப் பயன்படுத்தும் முறை அமெரிக்காவில் வளர்ந்தது. அந்நாட்டில் உழைக்க இயலாதோருக்குச் சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்து உதவி வழங்கும் திட்டம் 1956ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. விண்ணப்பதாரரால் ஏதோ ஒரு வேலை செய்ய முடியும் என்று அதிகாரிகள் பொதுப்படையாகக் கூறி உதவியை மறுத்து வந்தனர். 1960ஆம் ஆண்டில் நியூயோர்க்கிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு கேள்விகளை எழுப்பியது. இம்மனிதரால் எதைச் செய்ய முடியும்? அதை மட்டுமே செய்யக்கூடியவருக்கு எந்த வேலைவாய்ப்பு உண்டு? இவற்றுக்கு விடை காண, 1960களின் தொடக்கத்திலிருந்து தொழில்சார் நிபுணர்கள் விசாரணைகளுக்கு அழைக்கப்பட்டனர். பின்னர் தனியார் நட்டஈட்டு வழக்குகளிலும் அவர்கள் இடம்பெற்றனர்.

இந்நிபுணர் செய்வது யாது? முதலில், காயமுற்றவரின் வயது, கல்வி, மொழியறிவு, செய்து வந்த வேலைகள் ஆகியவற்றைத் திரட்டுவார். இரண்டாவதாக, அவ்வேலைகள் உடலிடம் கேட்பவை எவை என்று பகுத்துக் காட்டுவார்: எவ்வளவு பாரம், எத்தனை மணிநேர நிற்றல், எவ்வளவு விரல் நுட்பம். மூன்றாவதாக, வைத்தியர் குறித்த எல்லைகளை அவற்றோடு பொருத்திப் பார்ப்பார். நான்காவதாக, பழைய வேலையில் பெற்ற திறமையை எந்தப் புதிய வேலைக்குக் கொண்டுசெல்லலாம் என ஆராய்வார். இறுதியாக, அப்புதிய வேலை அப்பிரதேசத்தில் உண்மையாகக் கிடைக்குமா, அதன் ஊதியம் எவ்வளவு என்று கூறுவார்.

பொற்கொல்லரின் கணக்கை இம்முறைப்படி பார்க்கலாம். அவருக்கு வயது 42. விபத்துக்கு முன் மாத வருமானம் 100,000 ரூபா என்று உதாரணத்துக்குக் கொள்ளலாம். பட்டறை வேலை முடியாது. ஆயினும், பொன்னின் மாற்றும் கல்லின் தரமும் அறிந்தவராதலின், நகைக்கடையில் விற்பனையாளராக 60,000 ரூபா பெறக்கூடும். மாத இழப்பு 40,000. அறுபது வயது வரை 18 ஆண்டுகளுக்கு அது 8,640,000 ரூபா ஆகும். வைத்தியச் சான்றிதழின் நூற்றுக்கு 20 வீதத்தை மட்டும் கொண்டு கணித்திருந்தால் 4,320,000 ரூபாவே வந்திருக்கும். பணம் ஒரே தொகையாக முன்கூட்டியே கிடைப்பதற்காகவும், வாழ்வின் நிச்சயமின்மைக்காகவும் கழிவு செய்யப்படும் என்பது உண்மையே. ஆயினும், அக்கழிவு இரு கணக்குகளுக்கும் பொது. இடையிலுள்ள வேறுபாடு ஒரு குடும்பத்தின் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் கல்வியும் ஆகும்.

எழுதுவினைஞருக்கு இழப்பே இல்லையா? அவ்வாறும் கூறிவிட முடியாது. வங்கி ஆட்குறைப்புச் செய்தால், புதிய வேலை தேடும் சந்தையில் அவர் பிறருக்குப் பின்னே நிற்க நேரும். சம்பளம் குறையாதவருக்கும் இத்தகைய பாதகத்துக்காக நட்டஈடு வழங்கலாம் என 1974ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம், துப்புரவுப் பணிப்பெண் ஒருவரின் வழக்கில் தீர்மானித்தது.

இம்முறையிலும் இடர்கள் உண்டு. அமெரிக்க நிபுணர்கள் நெடுங்காலம் ஆதாரமாகக் கொண்ட தொழிற்பெயர் அகராதி 1939இல் முதலில் வெளிவந்தது. 1991க்குப் பின் திருத்தப்படவில்லை. மறைந்துபோன வேலைகளைக் காட்டி, இதைச் செய்து பிழைக்கலாமே என்று கூறுவது நீதியாகாது. கொழும்பிலும் இதே எச்சரிக்கை தேவை. சுமை தூக்கியவர் இனித் தொலைபேசி இயக்குநராகலாம் என்று எதிர்த்தரப்பு கூறுவது எளிது. அவர் தமிழ் மாத்திரம் அறிந்தவராயின், சிங்களமும் ஆங்கிலமும் கேட்கும் அவ்வேலை அவருக்கு எட்டுமா? அரசாங்க வேலைகளில் நூற்றுக்கு 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும்படி 1988ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பணித்தது. ஆயினும், சுற்றறிக்கையில் உள்ள இடம் வேறு, கையில் கிடைத்த வேலை வேறு. அதுபோலவே, கூலி தந்தவருக்காகக் குறையை மிகைப்படுத்தும் நிபுணரும் குறுக்கு விசாரணையில் மதிப்பிழப்பார். அவரோடு வழக்காளியும் நம்பிக்கை இழப்பார்.

இலங்கையின் 1895ஆம் ஆண்டுச் சாட்சியக் கட்டளைச் சட்டம், 45ஆம் பிரிவில், அறிவியல், கலை முதலியவற்றில் விசேட தேர்ச்சி பெற்றோரின் அபிப்பிராயத்துக்கு இடமளிக்கிறது. ஒருவர் அத்தகையவரா என்பதை நீதிபதியே தீர்மானிப்பார். தேசிய தொழில் தகைமை முறை, தொழில்திறமைகளை ஏழு மட்டங்களாக வகுத்திருக்கிறது. அத்தகைமைகளை மதிப்பிட்டுப் பழகிய போதனாசிரியர், நெடுங்கால அனுபவமுள்ள பட்டறை மேற்பார்வையாளர் போன்றோரின் அறிவு, இத்தகைய வழக்குகளில் சட்டத்தரணிகள் நாடத்தக்க செல்வமாகும்.

எவ்வளவு தேர்ந்த நிபுணரும் ஆதாரமின்றிப் பேச முடியாது. சம்பளத் துண்டு, ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு, தொழிற்பயிற்சிச் சான்றிதழ் ஆகியவை பேணப்பட வேண்டும். உருப்படிக்குக் கூலி பெறும் பொற்கொல்லரும் தையற்காரரும் சம்பளத் துண்டு இல்லாதவர்கள். அவர்கள் பட்டறைக் கொப்பியையும், உடன் வேலை செய்தோரின் சாட்சியத்தையும் நாட வேண்டும். காலமும் முக்கியம். 1871ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, கவலையீனத்தால் நேர்ந்த நட்டத்துக்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். காயம் ஆறட்டும் என்று காத்திருந்து உரிமையை இழப்போருக்கு எந்த நிபுணராலும் உதவ முடியாது. ஆதலின், வைத்தியரிடம் சான்றிதழ் பெறும் நாளிலேயே, இக்கை இதுவரை என்ன வேலை செய்தது, இனி என்ன வேலை செய்யும் என்பதற்கான சான்றுகளையும் தேடத் தொடங்குவதே அறிவுடைமையாகும்.