சோம்பு வாசத்துக்கு வருகிற வண்டு

செம்பனையில் ஆண் பூ விரிந்திருக்கும்போது சோம்பு வாசம் அடிக்குமே, கவனித்திருக்கிறீர்களா? அரிசி மணி அளவுகூட இல்லாத ஒரு வண்டு அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது. பூவைத் தின்னும், அதிலேயே முட்டையும் இடும். புழு வளர்வதும் அந்த வாடின பூவுக்குள்தான்.

பெண் பூவும் கொஞ்ச நேரம் அதே மாதிரி மணக்கும். வண்டு ஏமாந்து அங்கே போகும். தின்ன ஒன்றும் கிடைக்காது. உடம்பில் ஒட்டின மகரந்தத்தை உதிர்த்துவிட்டுத் திரும்பும். காய் பிடிப்பது அதனால்தான்.

இது நம்ம ஊர் வண்டு இல்லை. ஆப்பிரிக்காவின் கெமரூனிலிருந்து கொண்டுவந்து 1981இல் ஜொகூரில் விட்டார்கள். அதற்கு முன்னே முள் மட்டைக்கு நடுவே கைவிட்டு, பூவுக்குப் பூ மகரந்தத் தூள் அடித்தது தோட்டத்து ஆட்கள்; அதில் பெண்கள் பலர். வண்டு வந்தது, அந்தக் கூலி நின்றது. குலையும் கனத்தது. நிர்வாகத்துக்கு இரண்டு பக்கமும் லாபம். கனத்த குலையைத் தூக்கினது யார்? நாம்தானே!

ஆண் பூவில் வண்டு மொய்ப்பதைப் பார்த்து, “பூச்சி விழுந்திருச்சு, மருந்து அடி” என்று யாராவது சொன்னால், மண்டோரிடம் விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள். வண்டு செத்தால் மறுபடி கையால்தான் தூள் அடிக்கணும். அதற்கு என்ன கூலி போடுவார்களோ!