விடுதி, சாப்பாடு, வேன் எல்லாம் இலவசம்! வேலை நேரம் எவ்வளவு?



போன மாதக் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் எல்லாம் எழுதி முடித்ததும் ஒரு அக்கா ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். ஒரு நூல் மில்லுக்கு ஆள் எடுக்கிறார்களாம். இலவச விடுதி, மூணு வேளை சாப்பாடு, டி.வி., ஊருக்கே வேன், மாதம் 9,000 ரூபாய், 3 வருஷம் முடித்தால் மொத்தமாக 50,000. "பிளஸ் டூ முடிச்சுட்டு பொண்ணு வீட்லதானே இருக்கா, அனுப்பலாமா மேடம்?" என்று கேட்டார்.

நோட்டீஸில் வேலை நேரம் மட்டும் இல்லை. அதிலிருந்த நம்பருக்கே போன் போட்டோம். "ஆர்டர் இருந்தா 12 மணி நேரம் பார்க்கணும்ங்க. எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரிதான்" என்றார் ஆள் சேர்ப்பவர். குடும்பம் என்று சொன்னால் ஓ.டி. காசு கேட்க மாட்டோம் என்று நினைப்பு!

குழு நோட்டிலேயே கணக்குப் போட்டோம். தினம் 8 மணி நேரம், 26 நாள் என்றால் 208 மணி நேரம். மணிக்கு 43 ரூபாய் சொச்சம். 12 மணி நேரம் என்றால் 312. மணிக்கு 29 ரூபாய்கூட வராது. வாரம் 48 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே வந்துவிட்டது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத்திலும் ஓ.டி.க்கு இரண்டு மடங்குதான். அப்படிப் பார்த்தால் கூடுதல் 104 மணி நேரத்துக்கு இன்னொரு 9,000 வரணும். மாதம் முழுக்க 12 மணி நேரம் வாங்கிவிட்டு அதைக் கொடுக்காவிட்டால், 'இலவச' விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் நம்ம பிள்ளை மாதம் 9,000 கொடுக்கிறாள் என்று அர்த்தம்.

அந்த 50,000? 36 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 1,400கூட இல்லை. 2000-களில் 'சுமங்கலித் திட்டம்' என்று கல்யாணத்தைக் காட்டி மில்களில் சேர்த்தது இப்படித்தான். சம்பளத்தில் பிடித்து வைத்ததையே கடைசியில் பரிசு மாதிரி கொடுத்தார்கள். காலம் முடியும் முன்னே உடம்பு முடியாமல் வீடு திரும்பிய பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. நம்ம குழுவில் போடுகிற சேமிப்புக்குப் பாஸ் புக் இருக்கு. அந்தப் பணத்துக்கு எந்தப் புத்தகம்?

மில் வேலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 8 மணி நேர ஷிப்டு, நல்ல விடுதி, வாரம் ஒரு நாள் லீவு என்றால் வீட்டில் அடைந்து கிடப்பதைவிட எவ்வளவோ மேல். சொந்தச் சம்பாத்தியம் வந்தால் பெண்ணுக்கு ஒரு தைரியமும் வரும்.

ஆனால் சேர்ப்பதற்கு முன் நீங்களே ஒரு நடை போய்ப் பாருங்கள். விடுதிக் கட்டிலைவிட, ஷிப்டு முடிந்து வருகிற பெண்கள் முகத்தைப் பாருங்கள். அவர்களிடம் தனியாகப் பேசுங்கள். ஓ.டி. முடியாது என்றால் விடுகிறார்களா? ஞாயிற்றுக்கிழமை கேட்டைத் தாண்டி வெளியே போகலாமா? செல்போன் யார் கையில் இருக்கு? மாதவிடாய் வலி என்றால் ஓய்வா, மாத்திரையைக் கொடுத்துத் திரும்ப மிஷினுக்கா? பஞ்சுத் தூசிக்கு முகக்கவசம் உண்டா? அது வருஷக்கணக்கில் நுரையீரலைக் கெடுக்கும். ஒருவருடைய சம்பளச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எண் அதில் இருக்கணும். சாப்பாட்டுக்குப் பிடித்தமும் அதில்தான் தெரியும்.

அந்த அக்காவும் மகளும் வருகிற ஞாயிறு போகிறார்கள். அடுத்த கூட்டத்தில் வந்து சொல்வார்கள். உங்கள் ஊருக்கும் இந்த மாதிரி நோட்டீஸ் வந்திருந்தால் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள், சேர்ந்தே கணக்குப் போடலாம். ஏற்கெனவே மில்லில் இருக்கும் பெண்ணுக்குத் தொந்தரவு என்றால் 181, பதினெட்டு வயது ஆகாதவள் என்றால் 1098.