ஈயச் சிப்பாய்களும் இதழ் அடுக்கும்

மேசைமேல் சிறு பொம்மை வீரர்களை அணிவகுத்து நிறுத்தி, அவர்கள் நகரும் தூரத்தை அளவுநாடாவால் அளந்து, சுட்ட குண்டு பட்டதா தவறியதா என்பதைப் பகடை உருட்டித் தீர்மானிக்கும் விளையாட்டு மேலை நாடுகளில் 'மினியேச்சர் வார்கேம்' எனப்படுகிறது. பொதுமக்களுக்காக இதற்கு விதிகள் வகுத்து 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலை வெளியிட்டவர், செவ்வாய்க்கோள்வாசிகளைப் பூமிமேல் படையெடுக்க வைத்த அதே எச். ஜி. வெல்ஸ்தான் என்றாலும், அவருடைய தரையில் நின்றவர்கள் சாதாரண ஈயச் சிப்பாய்களே. அவர்களை வீழ்த்தியது மரத்துண்டு எறியும் வில்விசைப் பொம்மைப் பீரங்கியே. எதிர்காலப் போரைப் பொம்மைப் படைகளோடு சேர்க்கும், அறிவியல் புனைகதையின் முன்னோடிக்கே தோன்றாத அந்த இணைப்பு நிகழ ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் ஆயின. ஜான் மக்ஈவன் என்ற அமெரிக்கர் 1974இல் வெளியிட்ட 'ஸ்டார்கார்ட்' இவ்வகையின் தொடக்ககால விதிநூல்களுள் ஒன்று.

வரலாற்றுப் போர்களை ஆடுபவருக்கும் எதிர்காலப் போர்களை ஆடுபவருக்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. வாட்டர்லூவில் எந்தப் படைப்பிரிவு எந்த நிறச் சட்டை அணிந்தது, எத்தனை பீரங்கிகளை இழுத்து வந்தது என்பதை அறிய நூலகம் இருக்கிறது. நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் நிகழ்வதாகக் கற்பனை செய்யப்பட்ட போருக்கோ, பொம்மையை வார்த்த நிறுவனமும் அதைப் பற்றி எழுதிய இதழும் தந்ததைத் தவிர வேறு சான்று கிடையாது. இதனால்தான் இத்துறையில் பொம்மை சேகரிப்பதும் இதழ் சேகரிப்பதும் ஒரே வேலையாகிவிடுகின்றன. இதழை விட்டுப் பொம்மையை மட்டும் வாங்கிக் குவிப்பவரிடம் எஞ்சுவது, பெயரும் ஊரும் அறியாத ஒரு கூட்டம் மட்டுமே.

இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு இங்கிலாந்தின் 'ஒயிட் டுவார்ஃப்'. இயன் லிவிங்ஸ்டன், ஸ்டீவ் ஜாக்சன், ஜான் பீக் ஆகிய மூவர் 1975இல் லண்டனில் தொடங்கிய கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம், முதலில் 'ஆவுல் அண்ட் வீசல்' என்ற மெல்லிய செய்திமடலை நடத்தி, பின்னர் 1977இல் அதைக் கைவிட்டு 'ஒயிட் டுவார்ஃப்' இதழைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் இது எந்த நிறுவனத்தின் விளையாட்டையும் பேசும் பொது இதழாக இருந்தது. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்', விண்வெளிப் பயணத்தைக் களமாகக் கொண்ட 'டிராவலர்' போன்ற பிறர் படைப்புகளே அதன் பக்கங்களை நிரப்பின. பொம்மை வார்ப்புக்கென பிரையன் ஆன்செலுடன் சேர்ந்து தொடங்கப்பட்ட சிட்டடல் மினியேச்சர்ஸ் வளர்ந்து, ரிக் பிரீஸ்ட்லி எழுதிய 'வார்ஹேமர் 40,000: ரோக் டிரேடர்' 1987இல் வெளிவந்தபின், சில ஆண்டுகளுக்குள் இதழ் முழுவதும் சொந்தச் சரக்கைப் பேசும் ஏடாக மாறியது. பொது இதழ் விளம்பரத்தாளாகச் சுருங்கிவிட்டதென்று பழைய வாசகர்கள் இன்றும் குறைப்படுவதுண்டு. அந்தக் குறை நியாயமானதே. எனினும் சேகரிப்பாளருக்கு மிகுந்த பயன் தருவது அந்த மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த இடைக்காலம்தான்.

ஏனெனில் 'ரோக் டிரேடர்' ஒரு முழுமையான விதிநூலாக வெளிவரவில்லை. படைகளை எதிரெதிரே நிறுத்த இரு ஆட்டக்காரர்கள் போதாமல், கதையை நடத்திச் செல்ல மூன்றாவதாக ஒரு நடுவரையும் அது வேண்டியது. எந்தப் படையில் எத்தனை வீரர்கள், எந்த வண்டிக்கு எவ்வளவு கவசம் என்ற விவரங்கள் 'ஒயிட் டுவார்ஃப்' இதழின் 'சாப்டர் அப்ரூவ்டு' முதலிய தொடர்பகுதிகளில் மாதந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியாகி, 1989இல் 'கம்பென்டியம்' என்றும் 1991இல் 'கம்பைலேஷன்' என்றும் தொகுப்பு நூல்களாயின. விற்பனைக்கு வண்டிகள் போதிய அளவு இல்லாத அந்த நாள்களில், காலியான வாசனைப்பூச்சுக் குப்பியைக் கொண்டு மிதக்கும் போர்வண்டி செய்துகொள்ளும் முறையைக்கூட அந்நிறுவனமே ஆட்டக்காரருக்குக் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு துணுக்கையும் தனிப் பெட்டியிலிட்டு விற்கும் நிறுவனமாக அது பின்னாளில் வளர்ந்ததை அறிந்தவருக்கு இது வியப்பாகவே இருக்கும். முப்பது பிளாஸ்டிக் விண்வெளி வீரர்கள் அடங்கிய பெட்டி ஒன்று 9.99 பவுண்டுக்குக் கிடைத்ததும் அதே காலத்தில்தான்.

தமிழ் வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து பைண்டு செய்து வைத்த வீடுகளைப் போல, அக்கால ஆட்டக்காரர்களும் விதிப் பக்கங்களைப் பிரித்துக் கோப்பில் அடுக்கினர். ஆகவே பழைய இதழை வாங்குபவர் அட்டையின் பளபளப்பைப் பார்ப்பதைவிட, நடுப்பக்கத்தைத் திறந்து கம்பி ஊசிகள் துருவேறியிருக்கின்றனவா, பக்க எண்கள் தொடர்ச்சியாக ஓடுகின்றனவா, வெட்டி ஒட்டுவதற்கென இணைத்திருந்த அட்டைத்தாள் முழுதாக இருக்கிறதா என்று பார்ப்பதே அறிவுடைமை. 1987இன் 95ஆம் இதழுடன் நாட்டிங்ஹாமைச் சேர்ந்த 'சப்பத்' என்ற மெட்டல் இசைக்குழுவின் பாடல் பதிந்த, வளையக்கூடிய மெல்லிய இசைத்தட்டு ஒன்று இலவசமாக வந்தது; தட்டு இருக்கும் பிரதிக்கும் இல்லாத பிரதிக்கும் ஒரே விலை சொல்லும் வியாபாரியைக் காண்பது அரிது. முதல் இதழிலிருந்து கடைசி வரை ஒன்று விடாமல் சேர்க்கும் வெறி பலருக்கு உண்டு. ஆடவும் அறியவும் விரும்புபவருக்கு 1987 முதல் 1991 வரையிலான அடுக்கே போதும். எஞ்சியவை அலமாரியின் பெருமைக்கே உதவும்.

அமெரிக்காவில் கதை வேறு வழியில் சென்றது. மெட்டாகேமிங் நிறுவனம் 1975இல் தொடங்கிய 'தி ஸ்பேஸ் கேமர்' இதழும், எஸ்பிஐ நிறுவனம் 1980இல் தொடங்கிய 'ஏரிஸ்' இதழும் பொம்மைகளைவிட அட்டைச் சில்லுகளால் ஆடும் ஆட்டங்களுக்கே இடமளித்தன; 'ஏரிஸ்' ஒவ்வோர் இதழுக்குள்ளும் ஒரு முழு விளையாட்டையே மடித்து வைத்தது. தாளிலிருந்து சில்லுகள் பெயர்க்கப்படாத பிரதியையே சேகரிப்பாளர்கள் நாடுகின்றனர். ஒற்றைப் பேரியந்திர டாங்கியை ஒரு படையே எதிர்க்கும் 'ஓகர்' 1977இல் மலிவான தாள் விளையாட்டாகவே வந்தது. அதற்கு உலோகப் பொம்மைகள் பிறகே வார்க்கப்பட்டன. 1984இல் 'பேட்டில்டிராய்ட்ஸ்' என்ற பெயரில் வந்த பேரியந்திர மனிதர்களின் போர், அப்பெயரின் பிற்பாதிக்கு லூகாஸ்ஃபிலிம் உரிமை கொண்டாடியதால் அடுத்த ஆண்டே 'பேட்டில்டெக்' ஆயிற்று. ஜப்பானிய அசைபடங்களிலிருந்து பெற்ற அதன் இயந்திர வடிவங்கள் சிலவும் பின்னர் வழக்கில் சிக்கி நூல்களிலிருந்து மறைந்ததால், அவை அச்சான பழைய பதிப்புகளுக்குத் தனி மதிப்பு ஏற்பட்டது.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு முதல் விடை அளவில் இருக்கிறது. நிற்கும் மனித உருவின் உயரத்தை மில்லிமீட்டரில் குறிப்பதே இங்கு வழக்கம். 28 மில்லிமீட்டர் உருவத்தில் முகச்சுளிப்பைக்கூட வண்ணத்தில் காட்டலாம், ஆனால் முப்பது பேருக்கே மேசை நிரம்பிவிடும். 6 மில்லிமீட்டரில் ஒரு படையணியே உள்ளங்கைக்குள் அடங்கும், ஆனால் தனி வீரன் என ஒருவன் இருக்கமாட்டான். இரண்டிற்கும் நடுவிலுள்ள 15 மில்லிமீட்டரே செலவும் இடமும் குறைந்தவருக்கு ஏற்றது என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. பிரையன் ஆன்செல் 1980இல் எழுதிய 'லேசர்பர்ன்' இந்த அளவுக்கானதே. பின்னாளில் 'வார்ஹேமர் 40,000'இல் புகழ்பெற்ற கவசங்களும் துப்பாக்கிகளும் சில அதில் முன்பே தலைகாட்டுகின்றன. அதற்கான பொம்மைகளை ஸ்காட்லாந்தின் ஆல்டர்னேட்டிவ் ஆர்மீஸ் நிறுவனம் தொடர்ந்து வார்த்து வந்திருப்பதால், அரிய பொருளென்று ஏலத்தில் கூடுதல் விலை கொடுக்கவும் தேவையில்லை. ஜான் டஃப்லியின் கிரவுண்ட் ஜீரோ கேம்ஸ் வெளியிட்ட 'ஃபுல் திரஸ்ட்', 'ஸ்டார்கிரன்ட்' ஆகிய விதிநூல்கள் இணையத்தில் இலவசமாகவே தரப்பட்டன.

உலோகத்தைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். பழைய பொம்மைகள் ஈயம் கலந்த வார்ப்புகள்; 1990களில் சட்ட அச்சத்தாலும் உடல்நல அச்சத்தாலும் ஈயமில்லாத வெள்ளை உலோகத்துக்கு நிறுவனங்கள் மாறின. 1980களின் நடுவிலிருந்து சிட்டடல் பொம்மைகளின் காலடியில், தாங்குதட்டின் பள்ளத்தில் செருகுவதற்கான பட்டை ஒன்று இருக்கும்; அதில் பெரும்பாலும் உருவத்தின் பெயரும் ஆண்டும் பொறித்திருக்கும். அந்த ஆண்டு வடிவமைப்பின் உரிமைக்கு உரியதேயன்றி வார்த்த நாளைக் காட்டுவதன்று என்பதை மறந்து ஏமாறுபவர் பலர். பொம்மையையே அச்சாகக் கொண்டு எடுத்த கள்ள வார்ப்பில் விரல்களும் கண்ணிமைகளும் மழுங்கி, உருவம் அசலைவிட இம்மியளவு சுருங்கியிருக்கும்.

ஈயத்துக்கு ஒரு நோயும் உண்டு. ஓக் போன்ற மரங்களாலான இழுப்பறையிலும், தரம் குறைந்த அட்டைப்பெட்டியிலும் மூடிக்கிடக்கும்போது, அவற்றிலிருந்து கசியும் அசெட்டிக் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கிவிடும். அப்பொடி நஞ்சு, வாயால் ஊதக்கூடாது. முந்தைய உரிமையாளர் அப்பிய வண்ணத்தை நீக்க இங்கிலாந்தில் நெடுங்காலமாகக் கையாளப்படும் பொருள், காயம் கழுவும் டெட்டாலேதான். ஓரிரு நாள் நீர் கலக்காத டெட்டாலில் ஊறவைத்துப் பல்துலக்கியால் தேய்த்தால் வண்ணம் கழன்றுவிடும்; ஆனால் வண்ணம் முற்றிலும் நீங்கும்முன் தண்ணீர் பட்டால் அது கோந்தாகி ஒட்டிக்கொள்ளும் என்பதால், முதல் அலசலும் டெட்டாலிலேயே நடக்க வேண்டும். பிளாஸ்டிக் பொம்மைக்கும் இது தீங்கு செய்வதில்லை; நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனோ பொம்மையையே கரைத்துவிடும்.

'ஒயிட் டுவார்ஃப்' 2014இல் வார இதழாகி, 2016இல் மீண்டும் மாத இதழானது. அந்த இரண்டரை ஆண்டுகளின் மெல்லிய பிரதிகளை இன்று எவரும் பெரிதாகத் தேடுவதில்லை. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை, அவற்றில் புதிய பொம்மையின் படம் இருந்த அளவுக்கு விதி இல்லை. 2018இல் ஆஷெட் நிறுவனம் 80 பகுதிகளாகக் கொண்டுவந்த 'கான்குவெஸ்ட்' தொடரிலோ நிலைமை நேர்மாறு. ஒவ்வொரு பகுதியுடனும் பொம்மையோ வண்ணமோ தூரிகையோ வந்ததால், பலர் இதழைப் பொதியுறையாகவே கருதிப் பொம்மையை எடுத்துக்கொண்டு தாளைப் பழைய பேப்பர் கட்டில் சேர்த்தனர். அத்தொடரின் பிளாஸ்டிக் வீரர்கள் இரண்டாம் கைச் சந்தையில் குவியல் குவியலாகக் கிடைக்கலாம்; அவர்களோடு வந்த தாள்களை வரிசையாகத் தேடுபவருக்குத்தான் வேலை கடினம்.